தாத்தாவோட பட்டாளத்து நம்பர் என்ன? (வாசகர் கேள்வி பதில்)

போன மாசம் ஒருத்தர் "எங்க ஊர்ல இருந்து உலகப் போருக்குப் போனவங்க யாருன்னு எப்படித் தெரிஞ்சிக்கறது"ன்னு கேட்டிருந்தாரு, நானும் ரெண்டு வரியில பதில் போட்டுட்டு விட்டுட்டேன். அதுக்கப்புறம் குடியாத்தம், ஆரணி, வாலாஜா, காட்பாடின்னு பழைய வட ஆற்காடு பூராவுல இருந்தும் லெட்டரும் வாட்ஸ்அப்பும் வந்து குவிஞ்சிடுச்சு. அதனால இந்த மாசம் பட்டாளத்துக் கேள்வி மட்டும்தான், சினிமா கேள்வி அனுப்புனவங்க கோவிச்சுக்காதீங்க. நான் ராணுவத்துல ரெக்கார்ட் ஆபீஸ் கிளார்க்கா இருந்தவன், துப்பாக்கியத் தூக்குனத விட பைலைத் தூக்குனதுதான் அதிகம், பதிலும் அப்படித்தான் இருக்கும்.

கேள்வி: சார், எங்கம்மாவோட தாத்தா ரெண்டாம் உலகப் போர்ல பர்மாவுக்குப் போனாருன்னு வீட்ல சொல்லுவாங்க. டிரங்குப் பெட்டியில ரெண்டு மூணு மெடல் கிடக்கு, பேப்பர் ஒண்ணுமே இல்ல. எங்க போய்க் கேக்கறது? (வாசகர், குடியாத்தம்)

பதில்: முதல்ல மெடலை சாமி விளக்கு துலக்கற மாதிரி புளி போட்டுத் தேய்க்காதீங்க, அதுல இருக்கற எழுத்து தேஞ்சு போயிடும். நல்ல வெளிச்சத்துல வெச்சு ரெண்டு பக்கமும், விளிம்பையும், செல்போன்ல போட்டோ எடுங்க.

ஆறு முனை நட்சத்திரமா வெண்கலக் கலர்ல இருந்து நடுவுல வட்டத்துல பர்மா ஸ்டார்னு இங்கிலீஷ்ல இருந்தா வீட்ல சொன்னது நிஜம், அவரு பர்மா போர்முனைப் பக்கம் இருந்திருக்காரு. ஆப்பிரிக்கா ஸ்டாரும் இத்தாலி ஸ்டாரும் அச்சு அசல் இதே வடிவம்தான், எழுத்தைப் படிச்சாத்தான் வித்தியாசம் தெரியும், அதனால நட்சத்திரமா இருக்குன்னு உடனே பர்மான்னு முடிவு பண்ணாதீங்க. வட்டமா இருந்து பின்னாடி ஒரு சிங்கம் டிராகன் மேல ஏறி நிக்கற மாதிரி இருந்தா அது வார் மெடல் 1939-45. பின்னாடி இந்தியா மேப் இருந்தா அது இந்தியா சர்வீஸ் மெடல், அது இந்தியாவுக்குள்ள வேலை பாத்தவங்களுக்கும் கிடைச்சது.

சிக்கல் என்னன்னா ரெண்டாம் உலகப் போர் மெடல்ல பெரும்பாலும் பேரே போட்டிருக்க மாட்டாங்க. முதல் உலகப் போர் மெடலாவோ சுதந்திரத்துக்கு அப்புறம் நம்ம சர்க்கார் குடுத்ததாவோ இருந்தா விளிம்புல நம்பர், ரேங்க், பேர், யூனிட் எல்லாம் பொறிச்சிருக்கும், உங்களுக்கு அந்த வசதி இல்ல. அதனால நம்பரைத் தேடுங்க. பட்டாளத்துல பேரை விட நம்பர்தான் ஆளு, ஒரே யூனிட்ல எத்தனை முனுசாமி, எத்தனை கோவிந்தசாமி இருந்திருப்பாங்கன்னு நினைச்சுப் பாருங்க, அதுலயும் இங்கிலீஷ்ல எழுதறப்ப ஒருத்தன் ஒரு ஓ போடுவான், இன்னொருத்தன் ரெண்டு ஓ போடுவான். டிஸ்சார்ஜ் புக் (பட்டாளத்தை விட்டு வர்றப்ப குடுக்கற சர்வீஸ் விவரப் புத்தகம்), பழைய மணியார்டர் ரசீது, லெட்டர் கவர், பொங்கல் செலவுக்குப் பணம் அனுப்புன கூப்பன், டிரங்குப் பெட்டி மூடி மேல பெயின்ட்ல எழுதுன எழுத்து, கித்தான் பை, அலுமினியத் தட்டு அடிப்பக்கம், எதுல வேணும்னாலும் அந்த நம்பர் இருக்கும், பெட்டி மூடியக் குறிப்பா பாருங்க, ஏன்னா ரயில்ல காணாமப் போகக் கூடாதுன்னு எல்லாரும் அதுல எழுதி வெப்பாங்க.

நம்பரும் யூனிட்டும் கிடைச்சா அந்தந்தப் பிரிவோட ரெக்கார்ட் ஆபீசுக்கு எழுதலாம். மெட்ராஸ் சேப்பர்ஸ்னா (பாலம் போடறது, கண்ணிவெடி எடுக்கறதுன்னு வேலை பாக்கற இன்ஜினியர் படை) பெங்களூரு, மெட்ராஸ் ரெஜிமென்ட்னா நீலகிரியில வெலிங்டன், பயனீர் கோர் (ரோடு போடறது மாதிரி உடல் உழைப்பு வேலைக்கான பிரிவு) பெங்களூரு, சிக்னல்ஸ் ஜபல்பூர், பீரங்கிப் படை நாசிக் ரோடு, மெடிக்கல் கோர் லக்னோ, வண்டி, ஆயுதம் ரிப்பேர் பாக்கற ஈ.எம்.ஈ. செகந்திராபாத். இதுல ஒண்ணு முன்கூட்டியே தெரிஞ்சிக்கங்க, பென்ஷன் இல்லாம வெளிய வந்தவங்க சர்வீஸ் பேப்பரை 25 வருஷம் வெச்சிருந்துட்டு அழிச்சிடலாம்னு ரூல் இருக்கு, அதனால "டாக்குமென்ட்ஸ் டெஸ்ட்ராய்ட்"னு ஒரு வரி பதில் வரும். அதோட விட்டுடாதீங்க. லாங் ரோல்னு ஒரு பெரிய ரெஜிஸ்டர் உண்டு, அதை அழிக்கக் கூடாது, சேந்த தேதி, ஊரு, டிஸ்சார்ஜ் ஆன தேதி, காரணம் எல்லாம் ஒரே வரியில இருக்கும். திரும்பவும் எழுதி "லாங் ரோல் பாத்துச் சொல்லுங்க"ன்னு கேளுங்க, இந்த வார்த்தையைப் போட்டாலே அங்க இருக்கற கிளார்க் நிமிந்து உக்காருவான், இது ஒரு கிளார்க் சொல்றது.

கேள்வி: வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டுல முதல் உலகப் போருக்கு இங்கிருந்து 277 பேர் போனாங்க, 14 பேர் உயிர் விட்டாங்கன்னு கல்வெட்டு இருக்கு. யாரு சார் அந்த 14 பேர்? பேரே போடலையே? (வாசகர், வேலூர்)

பதில்: அந்த வழியா மல்லி வாங்கப் போறவங்க, மளிகை வாங்கப் போறவங்க ஆயிரம் பேர் இருப்பாங்க, நின்னு படிச்சிட்டு கேள்வியும் கேட்ட உங்களுக்கு ஒரு கும்பிடு. "இந்த ஊர்ல இருந்து இத்தனை பேர் போனாங்க, இத்தனை பேர் செத்தாங்க"ன்னு கணக்கு மட்டும் போட்டு கல்லு வெக்கறது அன்னைக்கு வெள்ளைக்காரன் இந்தியா பூரா பண்ண வேலை, வேலூருக்கு மட்டும் நடந்தது இல்ல. பேரு போடணும்னு அவங்களுக்குத் தோணல. ஈராக்ல பாஸ்ராவுல ஒரு பெரிய நினைவுச் சுவர் இருக்கு, மெசபடோமியா போர்ல செத்து கல்லறை இல்லாமப் போன 40,000 பேருக்கு மேல அதுல வராங்க. அங்க வெள்ளைக்கார சோல்ஜர் பேரு ஒவ்வொண்ணா செதுக்கியிருக்காங்க, நம்மாளுங்கள்ல சுபேதார், ஜமேதார் மாதிரி ஆபீசர் பேரும் செதுக்கியிருக்காங்க, சாதா சிப்பாய்க்கு மட்டும் ரெஜிமென்ட் பேரைப் போட்டு "மத்தும் இத்தனை இந்திய சிப்பாய்கள்"னு ஒரு எண்ணு. அந்த பாரபட்சம் நடந்தது நிஜம்னு கல்லறைகளைப் பராமரிக்கற காமன்வெல்த் வார் கிரேவ்ஸ் கமிஷனே 2021-ல அறிக்கை போட்டு மன்னிப்பு கேட்டுச்சு. மணிக்கூண்டு கல்லு சின்னது, பாஸ்ரா சுவர் பெருசு, ரெண்டுலயும் புத்தி ஒண்ணுதான்.

ஆனா பேரு காணாமப் போயிடல, கல்லுல இல்லாட்டியும் புக்குல எழுதி வெச்சாங்க. அதே கமிஷனோட இணையதளத்துல இறந்தவங்களைத் தேடற பக்கம் காசில்லாம கிடைக்குது. இந்தியன் ஆர்மின்னு தேர்வு பண்ணிட்டு, கூடுதல் விவரம்னு இருக்கற கட்டத்துல நார்த் ஆற்காட்னு அடிச்சுப் பாருங்க. "இன்னாரோட மகன், இன்ன கிராமம், நார்த் ஆற்காட்"னு வர்றதைப் பாத்தா கை நடுங்கும், ஏன்னா அது உங்க பக்கத்து ஊரா இருக்கும். முதல் போருக்கு 1914 ஆகஸ்ட் 4-ல இருந்து 1921 ஆகஸ்ட் 31 வரைக்கும், ரெண்டாம் போருக்கு 1939 செப்டம்பர் 3-ல இருந்து 1947 டிசம்பர் 31 வரைக்கும் சர்வீஸ்ல இருக்கறப்ப செத்தவங்களை அதுல சேத்திருக்காங்க, குண்டு பட்டுத்தான் செத்திருக்கணும்னு இல்ல, ஆஸ்பத்திரியில காய்ச்சல்ல போனவங்களும் உண்டு.

தேடறப்ப ஒரு விஷயம் மனசுல வெச்சிக்கங்க, வட ஆற்காடுங்கற பேர் அப்பப்ப வேற வேற நிலத்தைக் குறிச்சிருக்கு. 1911 ஏப்ரல்ல தான் சித்தூர் தனி மாவட்டம் ஆச்சு, அதுக்கு முன்னாடி பட்டாளத்துல சேந்தவன் வட ஆற்காடுன்னு எழுதியிருந்தா இன்னைக்கு அது ஆந்திராவா இருக்கலாம். திருப்பத்தூர் அதே சமயத்துலதான் சேலத்துல இருந்து இந்தப் பக்கம் வந்துச்சு, அதனால திருப்பத்தூர்க்காரங்க சேலம்னும் போட்டுத் தேடணும். போளூர், ஆரணி, செய்யாறு, வந்தவாசி எல்லாம் 1989 வரைக்கும் வட ஆற்காடுதான். ஸ்பெல்லிங்குக்கு மட்டும் உங்க தமிழ் வாத்தியாரைக் கூட்டிக்கிட்டுப் போகாதீங்க, வெள்ளைக்கார கிளார்க் காதுல எப்படி விழுந்துச்சோ அப்படி எழுதியிருப்பான், வாய் விட்டுப் படிச்சாத்தான் ஊரு புரியும்.

அந்த 14 பேரையும் யாராவது ஒரு காலேஜ் பசங்க குரூப்பா உக்காந்து தேடி எடுத்தா இந்தப் பக்கத்துல முழுசா போட எடிட்டர் கிட்ட இடம் கேட்டு வாங்கறது என் பொறுப்பு.

கேள்வி: எங்க மாமனாரோட அப்பா மிலிட்டரியில சமையல்காரரா இருந்தவரு. ஊர்ல பட்டாளத்துக்காரங்க பட்டியல் எடுக்கறப்ப "அவரு சண்டையா போட்டாரு, கரண்டிதானே புடிச்சாரு"ன்னு சிரிக்கறாங்க. அவரு பேரைச் சேக்கறது தப்பா அண்ணா? (வாசகி, கணியம்பாடி பக்கம்)

பதில்: தப்பே இல்லம்மா. சிரிச்சவங்க கிட்ட பர்மா மேப்பைக் காட்டுங்க. 1944 டிசம்பர்ல சின்ட்வின் ஆத்து மேல கலேவாங்கற இடத்துல 1,154 அடி நீளத்துக்கு பெய்லி பாலம் (இரும்புத் துண்டுகளைக் கோத்து சீக்கிரமா போடற பாலம்) போட்டாங்க, அந்த காலத்துல உலகத்துலயே நீளமான பெய்லி பாலம்னு சொன்னாங்க. அந்தப் பாலத்து மேல என்ன போச்சுன்னு நினைக்கிறாங்க? டாங்கியும் போச்சு, அரிசி பருப்பும் போச்சு, லாரி டிரைவரு, சமையல்காரரு, ஸ்ட்ரெச்சர் தூக்கறவரு, கழுதை ஓட்டறவரு, துணி வெளுக்கறவரு எல்லாரும் போனாங்க. பர்மாவுல மலேரியாவும் சீதபேதியும் படுக்க வெச்ச ஆளுங்க குண்டடி பட்டவங்களை விட எத்தனையோ மடங்கு, ஒழுங்கா கொதிக்க வெச்ச தண்ணியும் சுடு சோறும் குடுத்தவன் அங்க எத்தனை உசுரக் காப்பாத்தியிருப்பான்.

முதல் உலகப் போர்ல இவங்களை ஃபாலோயர்ஸ்னு தனிக் கணக்குல வெச்சாங்க, சிப்பாய்க்கு வெள்ளியில குடுத்த அதே வார் மெடலை இவங்கள்ல நிறைய பேருக்கு வெண்கலத்துல அடிச்சுக் குடுத்தாங்க. உலோகத்துலயே மட்டம் தட்டுன கதை அது. வெள்ளைக்காரன் பண்ண அந்தப் பிரிவினையை நம்ம ஊர் டீக்கடையில உக்காந்துகிட்டு இன்னமும் காப்பாத்தணுமா? பட்டியல்ல பேரைப் போடுங்க, பக்கத்துல "சமையல்காரர்"னும் போடுங்க, மறைக்க வேண்டாம், போர் வீரர்னு மாத்தி எழுதவும் வேண்டாம்.

கேள்வி: 1806-ல கோட்டையில வெள்ளைக்காரனை எதுத்து எழுந்த சிப்பாய்களை நினைக்கறோம், சரி. வெள்ளைக்காரனுக்காக பர்மாவுலயும் இத்தாலியிலயும் சண்டை போட்டவனை எதுக்குய்யா நினைக்கணும்? (வாசகர், சத்துவாச்சாரி)

பதில்: உங்களுக்கு உண்மையிலயே கோவம் இருக்கு, அதனால நானும் நேராவே சொல்றேன். 1806 ஜூலை 10 விடியக்காலையில எழுந்தவங்க யாரு? கும்பெனி சம்பளம் வாங்குன சிப்பாய்ங்கதான், அவங்கள்ல பல பேர் அதுக்கு ஏழு வருஷம் முன்னாடி ஸ்ரீரங்கப்பட்டணத்துல திப்புவுக்கு எதிரா அதே கும்பெனிக்காக நின்னிருப்பாங்க. புதுசா தோல் வெச்ச தலைப்பாகையைப் போடு, நெத்தியில நாமம் விபூதி கூடாது, காதுல கடுக்கன் கூடாது, தாடியை எடுன்னு உத்தரவு வந்தப்ப பொறுக்க முடியாம எழுந்தாங்க, ஆற்காட்டுல இருந்து கில்லெஸ்பிங்கற வெள்ளைக்கார ஆபீசர் குதிரைப்படையோட வந்து அன்னைக்கு மத்தியானத்துக்குள்ள அடக்கிட்டான், நூத்துக்கணக்குல சிப்பாய்ங்க செத்தாங்க. சம்பளத்துக்குப் போனவனுக்கும் சுயமரியாதை இருந்துச்சுங்கறதைத்தான் அது காட்டுது.

1942-ல பட்டாளத்துக்கு ஆள் எடுத்தப்ப போன நம்மூர்ப் பையன் ஜார்ஜ் மன்னர் மேல இருந்த பாசத்துல போகல. பாலாத்துல தண்ணி இல்லாத வருஷத்துல வீட்ல அஞ்சு வாய், மாசா மாசம் மணியார்டர் வரும், சோறு வேளாவேளைக்குக் கிடைக்கும், பூட்ஸ் போடலாம், ஊர்ல தலை குனிஞ்சு நடந்தவன் லீவுல வந்தா நிமிந்து நடக்கலாம், இந்தக் கடைசிக் காரணம் எத்தனை பெருசுன்னு சேரியில பொறந்தவங்களைக் கேட்டாத் தெரியும். பக்கத்து ஜில்லாவுல வாலாஜாபாத் பக்கம் கீழ்ஒட்டிவாக்கத்துக்காரர் சுபேதார் சுப்பிரமணியன், மெட்ராஸ் சேப்பர்ஸ், 1944 பிப்ரவரியில இத்தாலியில கூட இருந்தவங்களைக் காப்பாத்த கண்ணிவெடி மேல தானே விழுந்து செத்தாரு, வீரத்துக்கான பெரிய பிரிட்டிஷ் விருதான ஜார்ஜ் கிராஸ் குடுத்தாங்க. அவரு காப்பாத்துனது பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தையா, பக்கத்துல நின்ன ஆளுங்களையா? நீங்க அந்தப் போரை நினைச்சுக் கொண்டாட வேணாம். போனவனை மட்டும் நினைங்க.

கேள்வி: ஐயா, எங்க பெரிய தாத்தா 1942-ல சிங்கப்பூர்ல ஜப்பான்காரன் கிட்ட மாட்டினவரு. நேதாஜி படையில சேந்தாருன்னு எங்கப்பா சொல்றாரு, சேரவே இல்ல, ஜெயில்லயே இருந்தாருன்னு சித்தப்பா சொல்றாரு. ரெண்டு பேரும் இதுக்காகப் பேசறதே இல்ல. எது நிஜம்னு எப்படிக் கண்டுபிடிக்கறது? (வாசகர், ஆரணி)

பதில்: ரெண்டு பேரும் சரியா இருக்க வாய்ப்பு இருக்குங்க. 1942 பிப்ரவரி 15-ல சிங்கப்பூர் விழுந்துச்சு, 17-ஆம் தேதி ஃபேரர் பார்க் மைதானத்துல இந்திய சிப்பாய்ங்களைத் தனியா பிரிச்சு ஜப்பான்காரன் கையில ஒப்படைச்சாங்க, 40,000 பேருக்கு மேல. பிடிபட்ட இந்திய ஆபீசர்ல ஒருத்தரான மோகன் சிங் தலைமையில ஒரு ஐ.என்.ஏ. (இந்திய தேசிய ராணுவம்) உருவாச்சு, அதுல சேந்தவங்க உண்டு, மறுத்தவங்க உண்டு, சேந்துட்டு வெளிய வந்தவங்களும் உண்டு, ஏன்னா அந்த வருஷக் கடைசியிலயே மோகன் சிங்கை ஜப்பான்காரனே கைது பண்ணி அந்தப் படை கலைஞ்சு போச்சு. 1943 ஜூலையில நேதாஜி சிங்கப்பூர் வந்து பொறுப்பு எடுத்தப்ப திரும்பவும் சேந்தவங்க ஒரு பக்கம், மலேயா தோட்டத்துல ரப்பர் பால் எடுத்துக்கிட்டிருந்த நம்ம தமிழ் ஜனங்க ஆயிரக்கணக்குல புதுசா சேந்தது இன்னொரு பக்கம். மறுத்தவங்கள்ல நிறைய பேரை நியூ கினி, நியூ பிரிட்டன் தீவுக்கெல்லாம் கப்பல்ல அடைச்சு அனுப்பி கூலி வேலை வாங்குனாங்க, அங்க பட்டினியிலயும் நோயிலயும் செத்தவங்க ஏராளம்.

போர் முடிஞ்சதும் திரும்பி வந்தவங்களை விசாரிச்சு வெள்ளை, சாம்பல், கருப்புன்னு மூணா பிரிச்சாங்க. கருப்புன்னு முத்திரை விழுந்தா டிஸ்மிஸ், சிறையில இருந்த காலத்துச் சம்பளமும் போச்சு. அதனால டிஸ்சார்ஜ் புக் இருந்தா எந்தக் காரணம் போட்டு அனுப்பியிருக்காங்கன்னு பாருங்க. குடும்பத்துல யாராவது சுதந்திரப் போராட்டத் தியாகி பென்ஷனுக்கு மனு போட்டிருந்தா அந்தப் பைல்ல சாட்சி கையெழுத்தோட விவரம் இருக்கும், கலெக்டர் ஆபீஸ்ல கேட்டுப் பாருங்க.

என் கருத்தைக் கேட்டா, சேந்தவரு தியாகி, சேராதவரு கோழைன்னு எடுத்துக்காதீங்க, அதைத் திருப்பிப் போட்டு இவன் விசுவாசி, அவன் துரோகின்னும் எடுத்துக்காதீங்க. முள்வேலிக்குள்ள பசியோட உக்காந்திருந்தவன் எடுத்த முடிவை ஏசி ரூம்ல இருந்து நாம மார்க் போடறது நல்லா இல்ல. அப்பாவையும் சித்தப்பாவையும் ஒரே பெஞ்சில உக்கார வெச்சு இதைப் படிச்சுக் காட்டுங்க, அப்புறமும் பேசலன்னா அது நேதாஜி பிரச்சனை இல்ல, வேற ஏதோ சொத்துப் பிரச்சனை.

கேள்வி: எங்க தாத்தா 1971 போர்ல இருந்தவரு. காலேஜ் புராஜெக்டுக்காகக் கேட்டா "அதெல்லாம் எதுக்குடா"ன்னு எழுந்து போயிடறாரு. எப்படிப் பேச வெக்கறது? (மாணவர், காட்பாடி)

பதில்: நீங்க முதல் கேள்வியா என்ன கேட்டீங்கன்னு என்னால யூகிக்க முடியுது தம்பி, "எத்தனை பேரைச் சுட்டீங்க தாத்தா"ன்னு கேட்டிருப்பீங்க. அதைக் கேட்டா எந்த மனுஷனும் எழுந்துதான் போவான்.

காட்பாடி ஜங்ஷன்ல இருந்து ஆரம்பிங்க. எந்த வண்டியில ஏறுனீங்க, டிக்கெட் வாரன்ட் யாரு குடுத்தா, வழியில என்ன சாப்டீங்க, ஹிந்தி எப்படிக் கத்துக்கிட்டீங்க, முதல்ல தெரிஞ்சிக்கிட்ட ஹிந்தி வார்த்தை எது, சப்பாத்தி பழகறதுக்கு எத்தனை நாள் ஆச்சு, குளிர்ல எப்படிக் குளிச்சீங்க, ஆயாவுக்கு லெட்டர் யாரு எழுதிக் குடுத்தா, திரும்பி வர்றப்ப என்ன வாங்கிட்டு வந்தீங்க. லெட்டர்னு சொன்னதும் ஞாபகம் வருது, வீட்ல பழைய இன்லேண்ட் லெட்டர் இருந்தா அட்ரஸ்ல 56 ஏ.பி.ஓ. இல்லன்னா 99 ஏ.பி.ஓ.ன்னு (ராணுவத் தபால் ஆபீஸ் நம்பர்) இருக்கும், ஊர் பேரு இருக்காது, எங்க இருக்கோம்னு வெளிய தெரியக் கூடாதுன்னு அப்படி ஒரு ஏற்பாடு. அந்த லெட்டரை அவர் கையில குடுத்து "இதை எழுதறப்ப எங்க தாத்தா இருந்தீங்க"ன்னு மட்டும் கேட்டுட்டு சும்மா இருங்க. போனை எடுத்து மூஞ்சிக்கு நேரா நீட்டாதீங்க. கூட வேலை பாத்த சிநேகிதர் யாராவது உயிரோட இருந்தா கேன்டீன் நாளைக்கு ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போங்க, வரிசையில நிக்கறப்ப அவங்களுக்குள்ள பேசிக்கறதுல பாதி கதை வந்துடும், நீங்க பக்கத்துல பை புடிச்சிக்கிட்டு நின்னா போதும்.

சில விஷயம் அவரு சொல்லவே மாட்டாரு. விட்டுடுங்க.

கேள்வி: எங்க நைனாகிட்ட 1971-ல குடுத்த மெடல்னு நாலஞ்சு இருக்கு. அதுல எது போர் மெடல்? (வாசகர், வாலாஜா)

பதில்: பூர்வி ஸ்டார் இருந்தா கிழக்கு முனை, அதாவது இன்னைக்கு வங்கதேசம் பக்கம். பஷ்சிமி ஸ்டார் இருந்தா மேற்கு முனை. சங்ராம் மெடல் அந்தப் போர்க் காலத்துல சர்வீஸ்ல இருந்தவங்களுக்குப் பரவலா குடுத்தது. 25-ஆவது சுதந்திர ஆண்டு மெடல் போருக்கானது இல்ல, 1972 ஆகஸ்ட் 15-ல சர்வீஸ்ல இருந்தவங்களுக்குக் குடுத்தது, ஆனா நிறைய வீட்ல அதைத்தான் நடுவுல மாட்டி வெச்சிருக்காங்க, ஏன்னா அது பாக்க நல்லா இருக்கும். பஷ்சிமி ஸ்டார் இருந்து நைனா மெட்ராஸ் சேப்பர்ஸ்னா பாகிஸ்தான்ல ஷகர்கர் பக்கம் பசந்தர் ஆத்துப் போர்ல இருந்தாரான்னு கேளுங்க, அங்க டாங்கி போறதுக்கு கண்ணிவெடி வயல்ல வழி வெட்டிக் குடுத்த 9 இன்ஜினியர் ரெஜிமென்ட் நம்ம சேப்பர்ஸ்தான். மெட்ராஸ் ரெஜிமென்ட்னா 16 மெட்ராஸா இருந்தாரான்னு கேளுங்க, அவங்களும் அங்கதான் இருந்தாங்க, அவங்க கமாண்டிங் ஆபீசர் லெப்டினன்ட் கர்னல் காய் அங்கயே உயிர் விட்டு மகாவீர் சக்ரா வாங்குனாரு.

கேள்வி: எங்க கிராமத்துல பட்டாளத்துக்குப் போனவங்க பேரைப் போட்டு ஒரு கல்வெட்டு வெக்கலாம்னு இளைஞர்கள் சேந்து முடிவு பண்ணியிருக்கோம். செத்தவங்க பேரு மட்டும் போடறதா, எல்லார் பேரும் போடறதா? ரேங்க் வரிசையா? இதுலயே சண்டை ஆரம்பிச்சிடுச்சு. (இளைஞர்கள் சார்பா ஒரு வாசகர், அணைக்கட்டு பக்கம்)

பதில்: சண்டை வரலன்னாதான் ஆச்சரியம். நான் சொல்றது என் சொந்த அபிப்பிராயம், பிடிச்சா எடுத்துக்கங்க.

போர்க் காலத்துல சர்வீஸ்ல இருந்த எல்லார் பேரும் போடுங்க, செத்தவங்க பேருக்குப் பக்கத்துல இறந்த தேதியும் இடமும் சேத்துப் போடுங்க. ரேங்க் வரிசை வேணாம், சேந்த வருஷ வரிசையில போடுங்க, அப்படிப் போட்டா முதல் உலகப் போர்க்காரர் தானா மேல வந்துடுவாரு, கர்னலா ரிட்டயர் ஆனவரு கீழ வந்தாலும் யாருக்கும் குறை இல்ல. ஒவ்வொரு பேருக்கும் நம்பர், ரேங்க், யூனிட், எந்த வருஷத்துல இருந்து எந்த வருஷம் வரைக்கும், எந்தப் போர், இவ்வளவு இருக்கணும். இது இல்லாம வெறும் பேரு மட்டும் போட்டா முப்பது வருஷம் கழிச்சு யாருன்னே தெரியாது, மணிக்கூண்டுல எண்ணு மட்டும் இருக்கற கதைதான் இங்கயும். பழைய ரேங்கை அப்படியே போடுங்க, அன்னைக்கு ஜமேதாரா இருந்தவரு ஜமேதாராவே இருக்கட்டும், இன்னைக்கு அதை நாயப் சுபேதார்னு சொல்றாங்கன்னு மாத்த வேணாம்.

இலங்கைக்கு அமைதிப்படையில போனவங்களை விட்டுடாதீங்க. 1987-ல இருந்து 1990 வரைக்கும் போனாங்க, ஆயிரத்துக்கு மேல ஜவான்கள் திரும்பி வரல. இங்க தமிழ்நாட்டுல அவங்க திரும்பி வந்தப்ப மாலை போட ஆள் இல்ல, அதுல இருந்த தமிழ்ப் பையன் நிலைமையை யோசிச்சுப் பாருங்க, எதிர்ல நிக்கறவனும் தமிழ் பேசறான். அரசியல் என்ன வேணா இருக்கட்டும், போகச் சொன்னாங்க, போனாங்க, பேரு வரணும்.

இப்ப கஷ்டமான விஷயம். கல்லை எங்க நடப் போறீங்க? கோயில் முன்னாடின்னு முடிவு பண்ணியிருந்தா மாத்துங்க. வட ஆற்காட்டுல மெட்ராஸ் சேப்பர்ஸ்க்கும் பயனீர் கோருக்கும் தலைமுறை தலைமுறையா ஆள் குடுத்ததுல காலனி வீடுங்க கணிசம், அவங்க பேரன் பேத்தி தயக்கமில்லாம வந்து தொட்டுப் பாக்கற இடத்துல அந்தக் கல் இருக்கணும், பஸ் ஸ்டாப், பள்ளிக்கூடம், பஞ்சாயத்து ஆபீஸ் வாசல், இதுல ஒண்ணு. பேருக்குப் பின்னாடி சாதிப் பட்டம் போடாதீங்க, டிஸ்சார்ஜ் புக்ல இருந்தாலும் போடாதீங்க. ஊர்ப் பட்டியல் ஒண்ணு, காலனிப் பட்டியல் ஒண்ணுன்னு ரெண்டு கல் வெக்கலாம்னு யாராவது நைசா சொன்னா அந்த ஆளை கமிட்டியில இருந்து தூக்குங்க. கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டைன்னு எல்லாரும் கூப்பிடறாங்க இல்ல, அந்த ஊருக்கு ஒரு நடை போயிட்டு வாங்க, வீட்டுக்கு ஒருத்தராவது பட்டாளத்துல இருந்த ஊரு, அங்க பெரியவங்க கிட்டக் கேட்டா நான் சொல்லாம விட்டதெல்லாம் சொல்லுவாங்க.

திறந்து வெக்கறவரு பேரு கல்லோட பின்பக்கம், சின்ன எழுத்துல. அதுக்கு ஒத்துக்கிட்டா எந்தக் கட்சிக்காரரை வேணாலும் கூப்பிடுங்க. கிரானைட் வாங்கறப்ப கீழ கால்வாசி இடத்தைக் காலியா விட்டு வாங்குங்க, கல் நட்ட அடுத்த வாரமே யாராவது ஒரு ஆயா ஒரு பழைய போட்டோவைத் தூக்கிட்டு வந்து எங்க வீட்டுக்காரர் பேரு எங்கன்னு கேக்கும், பாருங்க.

கேள்வி: எங்க ஆயாவுக்கு 90 தாண்டிடுச்சு. வீட்டுக்காரர் ரெண்டாம் போர்ல இருந்துட்டு 1946-ல வந்துட்டாரு, பென்ஷன் கிடையாதுன்னுட்டாங்க. ஏதாவது உதவி கிடைக்குமா? (வாசகி, ஆம்பூர்)

பதில்: சாதாரண சிப்பாய்க்கு 15 வருஷம் சர்வீஸ் இருந்தாத்தான் பென்ஷன், அதனால போர் முடிஞ்சதும் ஆள் குறைச்சப்ப வீட்டுக்கு அனுப்பப்பட்ட லட்சக்கணக்கான பேருக்கு ஒண்ணும் கிடைக்கல. ஆனா பென்ஷன் இல்லாத ரெண்டாம் உலகப் போர் வீரர்களுக்கும் அவங்க விதவைகளுக்கும் மாநில அரசு மாசா மாசம் நிதி உதவி தருது. மத்தியில முன்னாள் படைவீரர் நலனைப் பாக்கற கேந்திரிய சைனிக் போர்டு மூலமா, பென்ஷன் இல்லாம 65 வயசு தாண்டுன ஹவில்தார் ரேங்க் வரைக்கும் இருந்தவங்களுக்கும் விதவைகளுக்கும் பெனூரி கிராண்ட்னு ஒண்ணு இருக்கு. ரெண்டுக்கும் உங்க மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துலதான் மனு. டிஸ்சார்ஜ் புக், ஆதார், பேங்க் பாஸ்புக், வீட்டுக்காரர் இறப்புச் சான்று எடுத்துட்டுப் போங்க. டிஸ்சார்ஜ் புக் காணோம்னா முதல் கேள்விக்குச் சொன்ன லாங் ரோல் வழிதான். ஆயாவை அலைக்கழிக்காதீங்க, முதல்ல நீங்க போய்க் கேட்டுட்டு வாங்க.

கேள்வி: எங்க கொள்ளுத் தாத்தாவோட முதல் உலகப் போர் வெள்ளி மெடலுக்கு பழைய காசு வியாபாரி நல்ல விலை சொல்றாரு. அண்ணன் குடுத்துடலாம்ங்கறான், எனக்கு மனசு வரல. என்ன பண்ணலாம்? (வாசகர், ராணிப்பேட்டை)

பதில்: உங்க வீட்டுக் கஷ்டம் எனக்குத் தெரியாது, அதனால விக்காதேன்னு சொல்ற உரிமை எனக்கு இல்ல. அந்தக் காலத்துல பஞ்சம் வந்தப்ப எத்தனையோ வீட்ல இந்த மெடலை ஆசாரிகிட்டக் குடுத்து உருக்கி கொலுசாவும் அரைஞாண் கொடியாவும் ஆக்கியிருக்காங்க, உங்க வீட்ல நூறு வருஷம் தாங்கி வந்திருக்கு. விக்கறதுன்னே முடிவானா வியாபாரி கையில குடுக்கறதுக்கு முன்னாடி விளிம்பைச் சுத்தி நாலஞ்சு போட்டோ எடுங்க, சாய்வா வெளிச்சம் விழற மாதிரி வெச்சு எடுத்தா எழுத்து தெளிவா வரும். அதுல இருக்கற நம்பர், ரேங்க், பேர், யூனிட் நாலையும் ஒரு நோட்டுல எழுதி, அண்ணன் வீட்ல ஒரு காப்பி, உங்க வீட்ல ஒரு காப்பி வெச்சிக்கங்க. ரிப்பனும் மெடல் வந்த அட்டைப் பெட்டியும் தனியா கேப்பான், அதுக்குத் தனி விலை சொல்லுங்க.